இடது பக்கத்து சீட்டு

அடைப்பு எதுவுமில்லீங்க, குழாயெல்லாம் சுத்தமா இருக்குதுன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க, கடைக்காரர் சில்லறை இல்லீங்கன்னு சொல்றாப்பல சாதாரணமாச் சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க, எனக்கு அப்ப வயித்துல பாலை வார்த்தாப்பல இருந்தது இன்னும் அப்படியே இருக்குது, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி அவிநாசி ரோட்டுக்குள்ள வண்டி மூக்கை நீட்டற இந்த நேரத்துலயும் அதேதான் ஓடுது, அடைப்பு இல்லை, அடைப்பு இல்லை, கிட்டுச்சாமி நீ பொழச்சுக்கிட்டடா. ஆனா பாரு, பொழச்சவன் உக்காந்திருக்கறது இடது பக்கத்து சீட்டுல. இந்த வண்டி வாங்கின நாள்ல இருந்து இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தா பானெட்டே வேற மாதிரி இருக்குது, யாரோ ஒருத்தரோட வண்டியில ஓசியில போறாப்பல. காலை நீட்டினா மிதிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை, வலது கால் பாட்டுக்கு இல்லாத பிரேக்கைத் தேடித் தேடிக் கீழ கெடக்கற ரப்பர் மேட்டை மிதிக்குது. வலது மணிக்கட்டுல கட்டு. அங்கதான் ஓட்டை போட்டு நெஞ்சு வரைக்கும் கம்பி விட்டுப் பார்த்தாங்க. கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக்கூடாது, கனம் தூக்கக்கூடாதுன்னுட்டாங்க. அப்ப இதை யாரு ஓட்டறதுன்னு நான் ரோசனை பண்றதுக்குள்ள வசந்தாமணி என் சட்டைப் பையில கையை விட்டு சாவியை எடுத்துட்டா. என் சம்சாரம். ஸ்கூட்டி ஓட்டுவா, வீட்டுல இருக்கற மாருதியை ஓட்டுவா, மருதமலை மேல வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்கறா, ஆனா இதோட ஸ்டியரிங்கை இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்லை. முதல் கியர் போடறப்பவே கரக்குன்னு ஒரு சத்தம், எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு, இல்லை, நெஞ்சுல ஒண்ணும் இல்லை, இனிமே நெஞ்சைப் பத்திப் பேசக்கூடாது, எனக்கு வேற எங்கியோ சுருக்குன்னுச்சு. கிளட்சை முழுசா மிதி வசந்தான்னேன். மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன், சும்மா வாங்கன்னா. சும்மா வர்றதுன்னா எப்படின்னு எனக்குத் தெரியல.

செல்வபுரத்துல நவநீதன் காத்துட்டு இருப்பான். கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கற பையன், ஸ்டூடியோ வெச்சிருக்கறான், நல்ல பையன், அதுதான் கஷ்டமே, கெட்டவனா இருந்தா ஏதாச்சும் சொல்லித் தட்டிவிட்டுறலாம். போற வழியில வண்டியை அவன்கிட்ட விட்டுட்டு ஒரு ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போறதுன்னு ஏற்பாடு. ஆடி பொறந்துட்டா அவங்க வீட்டுல வண்டி எடுக்க மாட்டாங்களாம், ஆனி முடியறதுக்குள்ள எடுத்துடணும், இன்னிக்கு நாள் நல்லாருக்குதுன்னு அவங்கம்மா பார்த்துச் சொல்லிட்டாங்களாம். நானும் சரின்னுட்டேன். யாரு கேட்டாங்க, நானாத்தான் கூப்பிட்டுச் சொன்னேன், தம்பி நீங்க ரொம்ப நாளா வெலைக்குக் கேட்டுட்டு இருந்தீங்களே, எடுத்துக்குங்கன்னு. அவன் ஓட்டறதுக்குக் கேக்கல. பொண்ணு மாப்பிள்ளையை இதுல உக்காரவெச்சுப் படம் எடுக்கறதுக்குக் கேட்டான். கதவுல சாய்ஞ்சுட்டு ஒண்ணு, பானெட் மேல பூவைத் தூவி ஒண்ணு. ஓடணும்னுகூட இல்லீங்கண்ணா, நின்னாப் போதும்னான். அதைக் கேட்டப்ப எனக்கு எப்படி இருந்திருக்கணும், ஆனா அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தோணல, ஏன்னா நெஞ்சுல இடது பக்கம் மேல, தோள்பட்டைக்குக் கீழ, புடிச்சுப் புடிச்சு விட்டுட்டு இருந்துச்சு, கை வரைக்கும் இழுத்துச்சு, இழுக்கறப்பல்லாம் எனக்கு ரங்கராஜு ஞாபகம்தான். ரங்கராஜு என் சினேகிதன், மில்லுக்கு ஸ்பேர் சப்ளை பண்றதுல ரெண்டு பேரும் கூட்டு, அவனும் என்னை மாதிரி பழைய வண்டிக் கிறுக்கு. ஒரு நாள் காலைல பல்லு வெளக்கிட்டு இருந்தவன் அப்படியே உக்காந்தான், அவ்வளவுதான். காரியம் முடிஞ்ச கையோட அவன் சம்சாரம் எனக்கு ஃபோன் பண்ணி, அண்ணா இந்தக் காரை என்னங்க பண்றதுன்னு அழுதுச்சு. கார்மேல ஆசையில அழுகல. பானெட்டை எப்படித் திறக்கறதுன்னு அந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல, அதுக்கு அழுதுச்சு. கடைசில பழைய இரும்புக்காரன் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போனான், டயர்ல காத்து இல்லாம தேய்ஞ்சுட்டே போச்சு, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. நம்ம வீட்டுலயும் அப்படித்தான் ஆகும்னு நெனச்சேன். வசந்தாகிட்டச் சொல்லல. நேத்து ஆஸ்பத்திரிக்கு வர்றப்பக்கூட ஒருத்தரையும் ஓட்ட விடாம நானே ஓட்டிட்டு வந்தேன், கடைசித் தடவைன்னு. ராத்திரி வார்டுல படுத்துட்டு, வண்டியைக் குடுத்துட்டேன் வசந்தா, நாளைக்குக் கொண்டுபோய் விட்டுறலாம்னேன். சரிங்கன்னா. அவ்வளவுதான். சரிங்க. எதுக்கு, ஏன், எவனுக்குன்னு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அப்ப அது ரொம்பச் சுட்டுது.

ரெண்டாவது கியர்லயே போயிட்டு இருக்கறா. எஞ்சின் கத்துது, மாத்து மாத்துன்னு கத்துது, இவளுக்குக் கேக்கலையா. நான் வாயைத் திறக்க மாட்டேன். கதவுக் கைப்பிடியை இடது கையால புடிச்சுட்டு இருக்கறேன், கட்டுப் போட்ட கை மடியில கெடக்குது, யாரோ குடுத்துவிட்ட பொட்டலம் மாதிரி. ஒரு விதத்துல பார்த்தா இந்த வண்டி என் கைக்கு வந்ததே ஒருத்தருக்கும் வேண்டாததால. சிங்கப்பூர்ல வேலை பார்த்த ஒரு எஞ்சினீயர் குடும்பத்தோட ஊருக்கே திரும்பி வர்றப்ப கப்பல்ல கொண்டுவந்த வண்டி, ஜப்பான்காரன் செஞ்சது, ரெண்டே சீட்டு, மேல துணிக்கூரை, மடக்கிப் பின்னால போட்டுக்கலாம். இதே பேர்ல இதுக்கு முன்னால ஒரு தலைமுறை வந்துச்சு, அதுல ஹெட்லைட்டு தூங்கி முழிக்கறாப்பல மேல எந்திரிச்சு வரும், அதுக்கு ஊரே அலையுது. இப்ப வர்ற புதுசோட வெலையைக் கேட்டா தலை சுத்தும். இது நடுவுல பொறந்தது. பழசுன்னு கும்பிடற அளவுக்குப் பழசுமில்லை, புதுசுன்னு சொல்லிக்கறதுக்கு வக்கும் இல்லை, வண்டிக் கிறுக்கனுங்க கூடற எடத்துல இதைப் பார்த்தா ஓ அதுவான்னுட்டு அக்கட்டால போயிருவானுங்க. அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரர் புதுசா எடுத்த சின்னக் காரைவிடக் கம்மிக்கு எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கெடச்சுது. வாங்கிட்டு வந்த அன்னிக்கு வசந்தாமணி சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, மீதி வண்டி எங்கீங்கன்னு கேட்டா. ஒரம்பரைன்னு நாலு சொந்தக்காரங்க வந்தா எங்க உக்கார வெப்பீங்கன்னா. கேலி பண்ணட்டும். வேகம் பெருசா இல்லை, பைபாஸ்ல சாதாரண டீசல் கார்க்காரன் என்னை முந்திட்டுக் கையைக் காட்டிட்டுப் போவான். ஆனா சிறுவாணி ரோட்டுல ஒரு வளைவு இருக்குது, மாதம்பட்டி தாண்டி, ரெண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, அங்க மூணாவது கியர்ல உள்ள விட்டு, ஸ்டியரிங்கை ஒடிக்கக்கூட வேண்டாம், அந்தப் பக்கம் பார்த்தாப் போதும், இதுவாத் திரும்பும். பின்சக்கரம் எங்க இருக்குதுன்னு முதுகுக்குத் தெரியும். ரோட்டுல கெடக்கற சின்னக் கல்லு கையில வந்து பேசும். அறுபதுல போனா நூறுல போறாப்பல இருக்கும், ஆனா அறுபதுதான், ஒருத்தனுக்கும் கெடுதல் இல்லை. இப்பத்த வண்டியெல்லாம் தானா பிரேக் போடுது, தானா லைட்டுப் போடுது, நீ சும்மா உக்காந்திரு ராசான்னு சொல்லுது. இது என்னைக் கேக்காம எதையும் பண்ணாது. அறுபது வயசுல ஒருத்தனைக் கேட்டு நடக்கறது வேற எது இருக்குது. இப்பப் போய் இதை நிக்கவெச்சுப் பூவைத் தூவப்போறானுங்க.

பாலத்துல ஏறாம சந்துக்குள்ள விட்டுட்டா, நெரிசல் கம்மியாம். எனக்குப் பக்குன்னு ஆச்சு, ஏன்னா இந்தச் சந்துல ஸ்கூல் முன்னால ஒரு வேகத்தடை இருக்குது, வேகத்தடைன்னா சும்மா இல்லை, ஒரு ஆளையே படுக்கவெச்சு மேல தார் ஊத்துன கணக்கா இருக்கும். இந்த வண்டி ரோட்டை ஒட்டிப் போறது. அதுல ஏறணும்னா ரெண்டு விசயம் பண்ணணும். ஒண்ணு, நேரா ஏறக்கூடாது, கோணல் மாணலா, ஒரு சக்கரம் ஏறினப்பொறவு அடுத்த சக்கரம். ரெண்டாவது, பக்கத்துல இருக்கற ஆளு எறங்கிடணும், அந்தக் கனம் கொறஞ்சாத்தான் அடி தட்டாது. இத்தனை வருசமா எறங்குன ஆளு வசந்தாமணிதான். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிட்டுப் போறப்பவும் எறங்குவா, ரோட்டு ஓரமாப் போய் நின்னு, நான் ஏறி எறங்கினதும் நடந்து வந்து மறுபடி உக்காருவா, டீக்கடையில நிக்கறவனெல்லாம் பார்த்துச் சிரிப்பான், இவ மூஞ்சியை ஒரு மாதிரி வெச்சுட்டு முன்னால பார்த்துட்டே வருவா. இப்ப வண்டியை நிறுத்திட்டு என்னைப் பார்த்தா. நான் எறங்கினேன். கட்டுப் போட்ட கையோட நோயாளியாட்ட ரோட்டு ஓரத்துல போய் நின்னேன், ஒரு சைக்கிள்காரர் என்னங்க ரிப்பேருங்களான்னு கேட்டுட்டுப் போனாரு, இல்லீங்க நல்லாத்தான் இருக்குதுன்னேன், யாரைச் சொன்னேன்னு எனக்கே தெரியல. வசந்தாமணி ஸ்டியரிங்கை ஒடிச்சா. சரியான கோணம். எப்படித் தெரியும், ஓ, இத்தனை வருசமா வெளிய நின்னு இதைத்தானே பார்த்துட்டு இருந்தா, என்னைவிட அவளுக்குத்தான் அடி எங்க தட்டும்னு தெரியும். மெதுவா, ஒரு சக்கரம், ரெண்டு, மூணு, தட்டவே இல்லை. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, இந்த வண்டி ஓடறதை நான் பார்த்ததே இல்லை. நிக்கறதைப் பார்த்திருக்கறேன், கழுவியிருக்கறேன், உள்ள உக்காந்து ஓட்டியிருக்கறேன், ஆனா வெளிய நின்னு, அது பாட்டுக்கு முன்னால நகந்து போறதை, சைலன்சர் அந்த அடித்தொண்டைச் சத்தத்துல உறுமறதை, ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எவ்வளவு சின்னதா இருக்குது. எவ்வளவு அழகா இருக்குது. கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஆஸ்பத்திரியில குடுத்த மருந்துனாலயா இருக்கும்னு தொடச்சுட்டு ஓடிப்போய் ஏறினேன். ஓடாதீங்கன்னு வசந்தாமணி வஞ்சா.

உக்கடத்துல சிக்னல் விழுந்துருச்சு. ரெண்டு பக்கமும் பஸ்ஸு, நடுவுல நாம பள்ளத்துல உக்காந்திருக்கறாப்பல, பஸ் ஜன்னல்ல இருந்து எல்லாரும் நேரா நம்ம மடியைப் பார்க்கறாங்க. கூரை மடக்கித்தான் கெடக்குது, நேத்து நான் மடக்கினது, ராத்திரி ஆஸ்பத்திரி கட்டடத்துக்கு அடியில நின்னதால மூடல. அடைப்பு இல்லை. ஆனா ஒருவேளை பார்த்தது சரியா இல்லாம இருந்தா, கம்பி போகாத ஏதாச்சும் ஒரு மூலையில, சின்னதா, இந்த டாக்டரம்மாவுக்கு வயசு என்ன இருக்கும், நம்ம பொண்ணைவிடச் சின்னது, இருந்தாலும் என்ன, திரையில நானே பார்த்தேனே, கறுப்பா மரக்கெளை மாதிரி விரிஞ்சு ரத்தம் போயிட்டு இருந்துச்சு, எங்கயும் நிக்கல. ஈசிஜியில ஏதோ லேசா இருந்துச்சு, எதுக்கும் பார்த்துட்டோம், ஒண்ணுமில்லைன்னாங்க. அப்பறம் அந்தம்மா வெரலால நெஞ்சுல ஒரு எடத்துல அமுக்கினாங்க, ஐயோன்னேன், இதுதான், சதைப்புடிப்புதான் இது, இந்தக் கையைத் தூக்கி ஏதாச்சும் வேலை செய்வீங்களா, மேல இருந்து எதையாச்சும் இழுப்பீங்களான்னு கேட்டாங்க. நான் என்ன வேலை செய்யறேன், ஒண்ணும் இல்லீங்க, சும்மா இருக்கறேன்னேன். வசந்தாமணி பக்கத்துல நின்னுட்டு ஆமாங்க ஒரு துரும்பைத் தூக்க மாட்டாருன்னு சாட்சி வேற சொன்னா. சரி, சதைப்புடிப்பு, எப்படியோ வந்துச்சு, போயிரும். ஆளு பொழச்சாச்சு. அப்ப வண்டி. அதுதான் இப்பக் கொடையுது. சாகறவனுக்கு எதுக்கு வண்டின்னு குடுத்தேன், சாகலைன்னு ஆயிப்போச்சு, ஆனா குடுத்தது குடுத்ததுதானே. நவநீதா, எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையாம், அதனால வண்டி இல்லைன்னு சொல்ல முடியுமா, பைத்தியம்னு நெனைப்பான். நாலு பேருகிட்ட வியாபாரம் பண்ணினவன், ஒரு தடவை ஆகட்டும்னு சொன்னதை மாத்தினதில்லை. நல்ல நாள் பார்த்து அந்தப் பையன் வாசல்ல நின்னுட்டு இருப்பான், அவங்கம்மா ஆரத்தி கரைச்சு வெச்சிருப்பாங்க. செல்வபுரம் இங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. இந்த சிக்னல் விழுந்தே இருக்கட்டும்னு நெனச்சேன், வாழ்க்கையில முதல் தடவையா.

சட்டுனு சாரல். ஆனி கடைசியில இந்த ஊர்ல இப்படித்தான், மலைப்பக்கமிருந்து கேக்காம கொள்ளாம வரும். கண்ணாடியில பொட்டு பொட்டா விழுந்துச்சு, பஸ் ஜன்னலெல்லாம் டப்பு டப்புன்னு சாத்தறாங்க, எனக்குக் கை தானாப் பின்னால போச்சு, கூரையை இழுக்கறதுக்கு, வசந்தாமணி அதட்டினா, கையை எடுங்க, தையல் கியல் விட்டுருச்சுன்னா, தையல் எல்லாம் இல்லைன்னு சொல்றதுக்குள்ள அவளே இடது கையைப் பின்னால விட்டா. அது எப்படின்னா, எறங்கிப்போய் ரெண்டு கையாலயும் தூக்கிப் போடலாம், அதுதான் மொறை, ஆனா எறங்காம, உக்காந்த எடத்துல இருந்தே, இடது கையைத் தோளுக்குப் பின்னால வளைச்சு, கம்பியைப் புடிச்சு, தலைக்கு மேல ஒரே இழுப்பு இழுத்து முன்னால கண்ணாடிகிட்டக் கொக்கியில மாட்டறதுன்னு ஒண்ணு இருக்குது, அது என் வித்தை, சிக்னல்ல நிக்கறவனெல்லாம் வாயைப் பொளந்து பார்ப்பான். இந்த ஒரு மாசமாச் சாரல் வர்றதும் போறதுமா இருக்குது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுத்திருப்பேனோ. மடக்குக் கம்பி பழசாகி இறுகிப்போச்சு, லேசுல வராது. வசந்தாமணி முட்டி மோதி, பல்லைக் கடிச்சுட்டு, ஒரே இழுப்புல கொண்டாந்து முன்னால போட்டுட்டா, கொக்கியை மாட்டிட்டா, பச்சை விழுகலை இன்னும், அப்பறம் ஸ்ஸ்னு மூச்சை இழுத்துட்டு இடது பக்கம் மேல, தோள்பட்டைக்குக் கீழ, கையை வெச்சு அமுக்கினா. அம்மாடி, இங்க புடிக்குதுங்கன்னா. நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவ என் மூஞ்சியைப் பார்த்தா. அவ கை அங்கயே இருந்துச்சு.

"டாக்டரம்மா அமுக்கிக் காட்டுன எடம் இதுதானுங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, முதல்ல மூக்கு வழியா, அப்பறம் வயித்துல இருந்து, அடக்க அடக்க வந்துச்சு, கூரைக்குள்ள மழைச்சத்தம், ரெண்டு பேரும் முட்டிக்கு முட்டி இடிச்சுட்டு உக்காந்திருக்கறோம், நான் பைத்தியமாட்டச் சிரிச்சுட்டு இருக்கறேன். அட சாமி, ஒரு மாசமா ராத்திரியில எந்திரிச்சு உக்காந்து, நாடியைப் புடிச்சுப் பார்த்து, பாங்குப் புஸ்தகம் எங்க இருக்குதுன்னு இவளுக்குச் சொல்லிக்குடுத்து, ரங்கராஜு போட்டோவைப் பார்த்து வரேண்டான்னு சொல்லி, நெஞ்சு வரைக்கும் கம்பி விட்டுப் பார்த்து, எல்லாம் இந்தக் கூரையை ஒத்தக் கையில இழுத்து ஊருக்கு வேடிக்கை காட்டினதுக்கு. ஒரு துரும்பைத் தூக்காதவன். வசந்தாமணி சிரிக்கல. அவளுக்கும் ஒவ்வொண்ணாப் புரிஞ்சுட்டு வர்றது மூஞ்சியில தெரிஞ்சுது. அந்த மூஞ்சியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.

"இதுக்கா வித்தீங்க?"

இல்லை வசந்தா, அது இல்லைன்னு ஆரம்பிச்சேன், கையில காசு இல்லை, பெட்ரோல் விக்கற வெலைக்குன்னு ஏதேதோ வாயில வந்துச்சு, அதுல ஒண்ணும் நிக்கல. கடைசில இருக்கறது இருக்கறபடி சொன்னேன். நான் போயிட்டா நீ இதை வெச்சுட்டு என்ன பண்ணுவ, ரங்கராஜு சம்சாரமாட்ட நீயும் ஒருத்தனுக்கு ஃபோன் பண்ணி அழுகக்கூடாதுன்னுதான், பயந்துட்டேன்னேன். சொல்லி முடிச்சதும் ஒடம்புல இருந்து என்னமோ எறங்கிப்போனாப்பல இருந்துச்சு, டாக்டரம்மா சொன்னப்பகூட அப்படி இல்லை. பச்சை விழுந்துச்சு, பின்னால லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான், அவ கியரைப் போட்டா. அதுவரைக்கும் போட்ட மாதிரி போடல, கோவத்துல போட்டா, பட்டுன்னு உள்ள போய் உக்காந்துச்சு. முதல், ரெண்டு, மூணு. எஞ்சின் கேட்டதைக் கேட்ட எடத்துல குடுத்தா. ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல இருந்து வண்டி வழுக்கிட்டு வெளிய வந்துச்சு. எனக்கு முதுகு சீட்டுல ஒட்டுச்சு, வலது கால் பிரேக்கைத் தேடல. குளத்தோரம் வர்றப்பச் சாரல் விட்டுருச்சு, ரோடு நனைஞ்சு கறுப்பாக் கெடந்துச்சு, அவ ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கை லேசாப் புடிச்சிருந்தா, இறுக்கல, லேசா, அது தானாத்தான் வரும், சொல்லிக்குடுத்து வராது. ஒரு சின்ன வளைவுல ஏதோ ஒரு குலுக்கல், கல்லு மேல ஏறியிருக்கும், அவ உள்ளங்கையைப் பார்த்துட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தா. உனக்கும் பேசிருச்சா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, அதைவிடப் பொறாமையாவும் இருந்துச்சு, இன்னும் சித்தெ நேரத்துல செல்வபுரம் வந்துருமேன்னு வெசனமாவும் இருந்துச்சு. எல்லாத்துக்கும் அடியில அந்தப் பாலு இன்னும் வயித்துல ஜில்லுன்னு இருந்துச்சு, அடைப்பு இல்லை, அடைப்பு இல்லை.

பேக்கரி வந்துச்சு. பேக்கரியை ஒட்டி வலது பக்கச் சந்து, உள்ள மூணாவது கட்டடம்தான் ஸ்டூடியோ. இண்டிகேட்டர் போடுவான்னு பார்த்தேன். போடல. சந்து அவ பக்கத்து ஜன்னல்ல நகந்து, அவ தலைக்குப் பின்னால போச்சு. ஆள் கவனிக்கல போலிருக்குது, ஓட்டற சொகத்துல விட்டுட்டா.

"வசந்தா, சந்து போச்சு."

"தெரியுமுங்க."

அவ ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கல. கேட்டா மாறிருமோன்னு எனக்கு ஒரு பயம். அப்பறம் அவளாப் பேசினா, என்கிட்டப் பேசற மாதிரி இல்லை, முன்னால போற டெம்போகிட்டப் பேசறாப்பல. இத்தனை வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ ஓட்டிப் பாக்கறயான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா, கிளட்ச் கடுசு கிளட்ச் கடுசுன்னு சொல்லிட்டே இருந்தீங்க, எங்க கடுசா இருக்குதுன்னா. நான் தலையைக் குனிஞ்சுட்டேன். ராத்திரி குடுத்துட்டேன்னு நீங்க சொன்னப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னு தெரியுங்களான்னா. தெரியலைன்னேன்.

"இவரு எனக்கு முன்னால போறதுக்கு மூட்டை கட்டிட்டாருன்னு தோணுச்சு. நீங்க போனப்பொறவு இதை என்ன பண்றதுன்னு நான் பாத்துக்கறேன். இப்ப இருக்கீங்கல்ல."

சட்டைப் பையில ஃபோன் அடிச்சுது. நவநீதன்தான். எடுத்துப் பேசுங்கன்னா. என்னன்னு பேசறதுன்னேன். வண்டிக்காரி தரமாட்டேங்கறான்னு சொல்லுங்கன்னா. இடது கையில எடுத்துக் காதுல வெச்சேன், அவன் சந்தோசமா, ஏனுங்கண்ணா எங்க வந்துட்டு இருக்கீங்க, எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சுட்டேன், நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்துருவீங்களான்னு கேட்டான். ஒரே மூச்சுல சொல்லிட்டேன். தம்பி, என்னை மன்னிச்சுக்குங்க, வண்டி தர முடியாதுங்க, வீட்டுல வேணுங்கறாங்க, நான் அவங்களைக் கேக்காம உங்களுக்குச் சொல்லிட்டேன், தப்பு என்மேலதான்னேன். அவன் மெதுவா, ஆவணியில ரெண்டு கல்யாணத்துக்கு வண்டி இருக்குதுன்னு சொல்லிட்டேனுங்களே அண்ணான்னான். கோவம்கூட இல்லை, அதுதான் என்னைப் போட்டு அறுத்துச்சு. அதுக்கென்ன தம்பி, படம் எடுக்கற அன்னிக்குச் சொல்லுங்க, எந்த எடமா இருந்தாலும் சரி, நானே வண்டியைக் கொண்டாறேன், சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்குங்கன்னேன். நெசமாவான்னு கேட்டான். நெசமாத்தான்னு சொல்லப் போறப்ப, பக்கத்துல மூணாவது கியர்ல வளைவை எடுத்துட்டு இருந்தவ, ரோட்டைப் பார்த்துட்டே ஒண்ணு சொன்னா.

"நான் கொண்டாறேன்னு சொல்லுங்க."

என் சம்சாரம் கொண்டாறாங்களாம் தம்பின்னு சொன்னேன்.